திருகோணமலைக் கரையில் முள்ளந்தண்டுளிகளின் கூர்ப்பைக் கற்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர உயிரியலில் கோடேற்றாக் கணத்தை (முள்ளந்தண்டுளிகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளும்) படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்காகவும், அப்பாடத்தைக் கற்பிப்பதற்கு இம்மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மீன் சந்தை, இறைச்சிக்கடை, கடற்கரை ஆகிய மூன்றையும் கொண்டே முள்ளந்தண்டுளிகளின் கூர்ப்பைக் காட்டும் ஒரு சிறு காட்சி வரிசையை எங்கள் குழு அமைத்தது. எதை எந்த மாதத்தில் தொடங்குவது, எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது, எந்த எலும்பை எப்படித் துப்புரவாக்குவது என்று சொல்வதற்கு அப்போது எங்களுக்கு எவரும் இருக்கவில்லை. ஒரு கடிதத்துக்காக மேசைக்கு மேசை அனுப்பப்பட்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்குமுன் இரண்டு விதிகளை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்காக விற்கப்படும் விலங்குகளின் உடல்களிலிருந்து மட்டுமே மாதிரிகளை எடுக்க வேண்டும். இதற்கென்று எந்த உயிரையும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. அடுத்து, மாதிரிகளைக் கீழிருந்து மேலாக ஏறும் ஏணிப்படிகளாக அடுக்காமல், கிளைவிடும் மரமாக அடுக்க வேண்டும். இரண்டாவது விதி ஏன் இன்றியமையாதது என்பது போகப் போகத் தெளிவாகும்.

1. நாட்காட்டியை முதலில் பாருங்கள்

பெரும்பாலானோர் ஆண்டின் முதல் தவணையில் உற்சாகத்தோடு எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி, மழையிலும் கடற்கொந்தளிப்பிலும் சிக்கி, இடையில் கைவிட்டுவிடுகிறார்கள். கிழக்குக் கரையில் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். கரைவலையும் அக்காலத்தில்தான் இழுக்கப்படும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எலும்புகள் விரைவில் காயும். ஆகவே மீன், சுறா, கோழி, ஆடு ஆகியவற்றின் எலும்பு வேலைகள் அனைத்தையும் இக்காலத்துக்கு ஒதுக்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் எலும்பு காயாது, பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் மழைநீர் தேங்கிய பள்ளங்களில் தவளைகளின் வாற்பேய்களைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

ஒரு மீன்தலையைத் துப்புரவாக்கிக் காட்சிக்கு வைக்க இரண்டு முதல் மூன்று வாரங்கள் தேவைப்படும். கண்காட்சிக்கோ செய்முறைப் பரீட்சைக்கோ நாள் குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு இரண்டு மாதங்கள் முன்பாகவே தொடங்குங்கள்.

2. கடிதங்களும் அனுமதியும்

சந்தையில் விலைக்கு வாங்கும் மீனுக்கும் கோழிக்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆயினும் பின்வரும் தாள்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள்: பாடசாலைக் கடிதத் தலைப்பில் அதிபர் கையொப்பமிட்டு முத்திரையிட்ட கடிதம், அதன் பிரதிகள் சில, பொறுப்பாசிரியரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, வெளியிடங்களுக்குச் செல்லும் மாணவர்களின் பெற்றோர் சம்மதக் கடிதங்கள், வாங்கியவற்றுக்கான பற்றுச்சீட்டுகள். சந்தையில் பற்றுச்சீட்டுத் தரமாட்டார்கள். ஆகவே மீனின் பெயர், திகதி, கடை இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் நீங்களே எழுதிவைக்க வேண்டும். இந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்று பின்னொரு நாள் எவராவது கேட்டால் அந்தக் கொப்பியே உங்கள் சான்று.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குள் குழுவாகச் செல்வதாயின், அங்குள்ள துறைமுக முகாமையாளரிடம் முன்கூட்டியே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். உட்துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படையினதும் துறைமுக அதிகாரசபையினதும் கட்டுப்பாட்டில் இருப்பதால், அப்பகுதிகளில் அனுமதியின்றி நுழையவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

அடுத்து வருவதுதான் மிக முக்கியமான எச்சரிக்கை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படும் விலங்குகளின் உடற்பாகங்களை, அவை தாமாக இறந்து கரையொதுங்கியவையாயினும், வீட்டுக்கோ பாடசாலைக்கோ எடுத்துச் செல்லாதீர்கள். கடலாமை ஓடு, ஓங்கில் எலும்பு, திமிங்கில முள்ளந்தண்டென்பு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். பிரெட்றிக் கோட்டையிலும் நகரத்திலும் உலாவும் புள்ளிமான்களின் கழன்று விழுந்த கொம்புகள் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்; அவற்றையும் எடுக்க வேண்டாம். கரையொதுங்கிய பெரிய விலங்கைக் கண்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு, தூரத்தில் நின்று அளவுகோலோடு படம் எடுங்கள். இவ்வகை மாதிரி கட்டாயம் தேவை என்றால், அத்திணைக்களத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வந்த பிறகே தொடுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை அனுமதியாக எண்ணிவிடாதீர்கள்.

3. எங்கே செலவாகும், எங்கே ஆகாது

மீன் விலை நாளுக்கு நாள் மாறுவதால் தொகையைச் சொல்வதைவிட வழியைச் சொல்கிறேன். முழு மீனை வாங்க வேண்டியதில்லை. பெரிய பாரை, அறுக்குளா போன்றவற்றின் தலை, உடல் துண்டங்களை விட மலிவானது. நடுமுள்ளை மீன் வெட்டுபவர்கள் பெரும்பாலும் இலவசமாகவே தந்துவிடுவார்கள். மீன் வகைகளைப் பார்ப்பதற்கு விடியற்காலையிலும், கழிவாகும் பாகங்களைக் கேட்பதற்கு வியாபாரம் தணியும் முற்பகலிலும் செல்லுங்கள். வெட்டுவதற்கு முன்னரே, "அண்ணா, இந்தத் தலையைப் பிளக்காமல் முழுசாத் தாங்கோ, பூவையும் எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். பூ என்பது மீன் மூச்சுவிடும் உறுப்பு, செவுள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வியாபாரியாயின் "நானா" என்று அழைத்துக் கேளுங்கள். ஒருமுறை காரணத்தை விளங்கப்படுத்தினால், அடுத்த முறை அவர்களே எடுத்துவைத்துத் தருவார்கள்.

பணம் உண்மையில் செலவாகும் இடங்கள் மூன்று: மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள், பாமசியில் வாங்கும் 3% ஐதரசன் பரவொட்சைட்டும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும், புறாத்தீவுக்குப் போவதாயின் படகு. புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நுழைவுச்சீட்டு வேறு, நிலாவெளியிலிருந்து செல்லும் படகுக் கூலி வேறு. படகுக் கூலியைப் படகுக்கென்று பேசுவதால், ஆட்கள் சேர்ந்து போனால் தலைக்குரிய செலவு வெகுவாகக் குறையும். அங்கு ஆழமற்ற நீரில் கருமுனைச் செட்டைச் சுறாக்கள் நீந்துவதைப் பார்க்கலாம்; ஆனால் ஒரு முருகைக்கல் துண்டைக்கூட எடுத்து வர முடியாது. முதற்கட்டத்திலேயே இப்பயணத்துக்குப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. சுறாவின் தாடையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கே அது உயிரோடு நீந்தும் காட்சி முழுமையாக விளங்கும்.

4. முதுகெலும்புக்கு முன்னர்: அசிடியனும் அம்பியொக்சசும்

கோடேற்றாக்களின் அடையாளங்களாக முதுகுநாண் (முதுகு நெடுகச் செல்லும் வளையக்கூடிய தண்டு), முதுகுப்புறமாக ஓடும் குழாயுருவான நரம்புநாண், தொண்டைப் பூப்பிளவுகள், குதத்துக்குப் பின்னால் நீளும் வால் ஆகிய நான்கையும் மனனம் செய்திருப்பீர்கள். இவற்றை வாழ்நாள் முழுவதும் தெளிவாகக் காட்டும் விலங்கு அம்பியொக்சசு. அது சில சென்ரிமீற்றர் நீளமுடையது. பருமணலில் புதைந்து வாழ்வது. அதைத் தேடிக் கடற்கரையைத் தோண்ட வேண்டாம். வசதியுள்ள பாடசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஆயத்தம் செய்யப்பட்ட வழுக்கி இருக்கிறதா என்று கடிதத்தோடு கேளுங்கள். நுணுக்குக்காட்டியில் முதுகுநாண் தலையின் நுனி வரை செல்வதைக் கவனியுங்கள்.

அசிடியனைக் காண்பது எளிது. கரையில் ஏற்றிவைத்துச் சுரண்டும் படகுகளின் அடிப்பாகத்திலும், நீரில் நெடுங்காலம் கிடந்த கயிறுகளிலும் தோல்பை போல ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் நீரைப் பீய்ச்சும். கடல்நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் சிறிது நேரம் விட்டு, நிறமூட்டிய நீரில் ஒரு துளியை அருகில் இட்டால், ஒரு துளையால் அது உள்ளே போய் மறு துளையால் வெளியேறுவதைக் காணலாம். இடையில் அந்நீர் பூப்பிளவுகள் நிறைந்த தொண்டையினூடாக வடிகட்டப்படுகிறது. பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. பார்வைக்கு மீனை ஒத்திருப்பதால் அம்பியொக்சசே நமக்கு மிக நெருங்கிய உறவு என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். 2006 இல் வெளிவந்த மரபணு ஒப்பீடுகள், வால் கொண்ட குடம்பிப் பருவத்தைக் கடந்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு முதுகுநாணை இழந்துவிடும் அசிடியன்களின் கூட்டமே முள்ளந்தண்டுளிகளுக்கு மிக அண்மையானது என்று காட்டின. முதிர்ந்த உருவத்தை மட்டும் பார்த்து உறவைத் தீர்மானிக்க முடியாது என்பதை மாணவருக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து வரவேண்டிய தாடையற்ற மீன்களின் இடத்தை வெறுமையாக விட்டு, லாம்பிரேயின் படமொன்றை ஒட்டுங்கள். நமது சந்தையில் அவை கிடையாது. பாம்புபோல நீண்டிருக்கிறது என்பதற்காக விலாங்கை அங்கு வைத்துவிடாதீர்கள். விலாங்குக்குத் தாடையும் உண்டு, என்பும் உண்டு.

5. பாரைத் தலை

முழு வரிசையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய மாதிரி இதுதான். பச்சைத் தலையாக இருக்கும்போதே முதற்பாடத்தை முடித்துவிடுங்கள். பூமூடியைத் தூக்கினால் சிவந்த பூக்கள் தெரியும். பக்கத்துக்கு நான்கு வளைவுகள் பூவிழைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள பிளவுகளுக்குள் ஒரு ஈர்க்கிலை விட்டால் அது வாய்க்குள் வெளிப்படும். அசிடியனின் தொண்டையில் உணவை வடிகட்டிய அதே அமைப்பு இங்கே மூச்சுக்கு உதவுகிறது.

பூமூடிக்குப் பின்னால் அரிவாள் போல வளைந்த ஒரு பெரிய என்பு இருக்கும். அதுவே தோள்வளையத்தின் முதன்மை என்பு. அதை மெல்ல அசைத்துப் பாருங்கள்: மேற்பகுதியில் சிறிய என்புகளால் மண்டையோட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அது தனியே அசையாது. மீனுக்குக் கழுத்து இல்லாமைக்கு இதுவே காரணம். இதைக் கையால் உணர்ந்த பிறகு, 2004 இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கண்டெடுக்கப்பட்டு 2006 இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள் பழமையான திக்தாலிக் என்ற மீனின் உயிர்ச்சுவட்டைப் பற்றிப் பேசுங்கள். அதில் இந்தப் பிணைப்பு இல்லை. தலை தோளிலிருந்து விடுபட்டுத் திரும்பக்கூடியதாகிவிட்டது. செட்டைக்குள்ளோ புயம், முன்கை ஆகியவற்றின் என்புகளுக்கு ஒத்த என்புகள் உள்ளன. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் பெறுமதி எளிதில் பிடிபடுவதில்லை.

துப்புரவாக்கும் முறை: கொதிக்க வைக்காதீர்கள். கொதித்தால் மீன்தலை உதிரி உதிரியாகக் கழன்றுவிடும், கொழுப்பும் எலும்புக்குள் ஊறிவிடும். ஆவி பறக்கும் சூட்டில் உள்ள நீரில் சில நிமிடங்கள் வைத்து எடுத்து, பழைய பற்தூரிகையாலும் சாவணத்தாலும் தசையை அகற்றுங்கள். பின்னர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஊறவிட்டு, நீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரை நாள்தோறும் நீரை மாற்றுங்கள். இறுதியாக ஐதரசன் பரவொட்சைட்டில் ஒரு நாள் வைத்து, நன்கு கழுவி, நிழலில் உலர்த்துங்கள். குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் எலும்பை அரித்துத் தூளாக்கிவிடும். அதைத் தொடவே வேண்டாம். கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம். ஒவ்வொரு பகுதியும் கழன்று வரும்போது கைப்பேசியில் படம் எடுத்துவைத்தால் திரும்பப் பொருத்துவது இலகு. பூனையும் காகமும் எட்டாத இடத்தில் காயவிடுங்கள்.

உலர்ந்த கீழ்த்தாடையை நோக்கினால், பக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட என்புகள் சேர்ந்து அது அமைந்திருப்பது தெரியும். தாடை மூட்டிலுள்ள இரண்டு என்புகளையும், தாடையை மண்டையோட்டில் தொங்கவைக்கும் நீண்ட என்பையும் நிறப்புள்ளியிட்டுக் குறித்துவையுங்கள். ஆட்டின் தலையில் இவற்றை மீண்டும் சந்திப்பீர்கள்.

ஓரா, கெளிறு ஆகியவற்றின் முட்கள் நஞ்சுள்ளவை. திருக்கையின் வால்முள்ளும் அவ்வாறே. பேத்தையை எந்தக் காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம். அதன் நஞ்சு உயிரைப் பறிக்கும்.

6. சுறாவும் திருக்கையும்

சுறாக்களின் தொகை குறைந்துவருவதால், இதற்கென்று குட்டிச் சுறாவை வாங்காமல் புட்டுக்கு வெட்டப்பட்ட சுறாவின் எஞ்சிய பாகங்களை மட்டும் கேளுங்கள். உடலளவு நீண்ட வால்மடலுடைய திரெஷர் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது; அதன் பாகம் எதையும் ஏற்காதீர்கள். சுறாவின் உடற்சட்டமான கசியிழையம் (குருத்தெலும்பு) சூட்டில் சுருங்கி உருக்குலையும் என்பதால் மீன்தலைக்குச் சொன்ன முறை இங்கு உதவாது. தாடையைக் கத்தியால் துப்புரவாக்கி, விரித்த நிலையில் அட்டையில் குத்திக் காயவையுங்கள். தோல் துண்டொன்றை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் விரலைச் சுரண்டும். பல்லின் அமைப்பையே கொண்ட நுண்செதில்களே அதற்குக் காரணம்.

சுறாவுக்கு என்பு இல்லை. ஆகவே என்பு தோன்றுவதற்கு முந்திய நிலையைச் சுறா காட்டுகிறது என்று எழுதினால் அது பிழை. சீனாவில் கிடைத்து 2013 இல் விவரிக்கப்பட்ட எண்டெலோக்னத்தசு என்ற 41.9 கோடி ஆண்டுகள் பழமையான தாடை மீனின் முகமே என்புத் தகடுகளால் ஆனது. மொங்கோலியாவில் கிடைத்து 2020 இல் விவரிக்கப்பட்ட மின்ஜீனியா என்ற மீனின் மண்டையோட்டுக்குள்ளும் என்பு இருந்தது. சுறாக்களின் மூதாதையருக்கு இருந்த என்பு பிற்காலத்தில் இழக்கப்பட்டது என்பதையே இவை சுட்டுகின்றன. எனவே சுறாவைப் பாரைக்குக் கீழே வைக்காமல், தாடையுள்ள ஒரே கிளையிலிருந்து பிரிந்த இரு பக்கங்களாக அவற்றை அருகருகே வையுங்கள்.

7. நிலத்துக்கு வந்த கிளை

கண்டல் சேற்றில் துள்ளும் சேற்றுத்துள்ளி மீனையும், காற்றை மிடறி வாழும் குளத்து விராலையும் மீனுக்கும் தவளைக்கும் நடுவே வைக்கத் தோன்றும். வைக்க வேண்டாம். இரண்டும் பாரையைப் போலவே கதிர்ச்செட்டை (மெல்லிய கதிர்கள் தாங்கும் செட்டை) மீன்கள். காற்றிலிருந்து மூச்சுவிடும் திறனைத் தனியாகப் பெற்றவை. நான்கு கால் விலங்குகள் மடல்செட்டை (சதைப்பற்றான அடியுடைய செட்டை) மீன்களின் கிளையில் வந்தவை. நுரையீரல் அக்காலத்து என்புமீன்களுக்கே இருந்தது; பாரையின் வயிற்றுக்குள் காணும் காற்றுப்பை அதிலிருந்து உருமாறியதே.

வாற்பேய்களைப் பிடித்து வராமல், தேங்கிய நீரின் ஓரத்தில் வாரத்துக்கு ஒரு முறை படமெடுத்து வரிசைப்படுத்துங்கள். தவளைகளில் பல இலங்கைக்கே உரியவை. அவற்றைக் கையாளுவதால் எந்த நன்மையும் இல்லை.

கோழி முட்டையின் ஓட்டை உடைத்து, உட்புறத்து மென்சவ்வை உரித்துக் காட்டுங்கள். நீரின்றி நிலத்தில் முட்டையிட உதவிய அமைப்பின் ஒரு பகுதி அது. கோழியின் உடலில் கவையென்பையும், காலில் உள்ள செதில்களையும் பாருங்கள். பறவைகளுக்கு ஊர்வனவற்றுக்கு வெளியே தனி மேசை வேண்டாம். முதலையின் கிளைக்கு அருகிலேயே அவற்றின் இடம்.

ஆட்டின் கழுத்துப் பகுதியையும் தலையையும் இறைச்சிக்கடையில் முதல்நாளே சொல்லிவையுங்கள். தலையைப் பிளந்துவிட்டால் பயனில்லை. கழுத்தில் ஏழு முள்ளந்தண்டென்புகள் இருக்கும், நமக்கும் ஏழுதான். கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே என்பால் ஆனது. பாரையில் நிறப்புள்ளியிட்ட மூட்டு என்புகள் எங்கே போயின? காதுக்குள் போயின. தலை நன்கு காய்ந்த பின் வெள்ளைத் தாளொன்றின் மேல் காதுத்துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். பொறுமையாகத் தட்டினால் அரிசிமணியிலும் சிறிய என்புகள் விழக்கூடும். மீனின் தாடை மூட்டாக இருந்தவையே சம்மட்டியுருவும் பட்டடையுருவும் ஆயின. தாடையைத் தாங்கிய நீண்ட என்பு ஏந்தியுருவாயிற்று. அந்தச் சிறு என்பைப் பாரையின் என்புக்குப் பக்கத்தில் வைத்தபோது எங்கள் வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. வேறு எதற்கு நேரமில்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

8. காலக்கயிறு

ஒரு சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் என்று கொண்டு, ஐந்தேகால் மீற்றர் தையல் நூலை மேசையின் பின்சுவரில் கட்டுங்கள். இன்றைய நாளைக் குறிக்கும் முனையிலிருந்து அளந்து அட்டைகளைத் தொங்கவிடுங்கள்: சீனாவின் யுனானில் கிடைத்த, மீன்போன்ற ஆதி விலங்கான ஹைகோயிக்திசுக்கு 518 செ.மீ., திக்தாலிக்குக்கு 375, ஆதிப் பறவையான ஆர்க்கியொப்டெரிக்சுக்கு 150, பாகிஸ்தானில் கிடைத்த நான்கு கால் திமிங்கில மூதாதை பாக்கிசீட்டசுக்கு 50. நம் இனத்தின் 3 இலட்சம் ஆண்டுகள் 3 மில்லிமீற்றரில் அடங்கும். நம் கடலுக்கு வரும் நீலத் திமிங்கிலத்தின் படத்தைக் கயிற்றின் இன்றைய முனையில், ஆட்டுக்கு அருகே ஒட்டுங்கள். திமிங்கிலமும் ஆடும் இரட்டைக் குளம்பிகளின் கிளையிலிருந்தே வந்தவை.

9. பெயர்ச்சீட்டும் பாதுகாப்பும்

ஸ்பிரிட் போத்தலுக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்துவிடும். ஊர்ப் பெயர், அறிவியற் பெயர், வாங்கிய இடம், திகதி, கொப்பியின் பக்க எண் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். போமலின் நஞ்சு என்பதால் மாணவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள். உலர்ந்த எலும்புகளை இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு செப்டெம்பர் முடிவதற்குள் அடைத்துவிடுங்கள். ஒக்டோபர் மழை தொடங்கிய பின் பெட்டியைத் திறந்தால் அன்றே மூடிவிட வேண்டும். அதிபர் மாறினால் கடிதத்தைப் புதிய கையொப்பத்தோடு மீண்டும் பெற்றுக் கோப்பின் முதற்பக்கத்தில் வையுங்கள். பழைய கடிதத்தை வீசிவிடாமல் அதன் பின்னால் இணைத்துவையுங்கள்.